தேட முடியாத ஏடுகள்: துப்பாக்கி விற்பனைப் பதிவும் வாங்கியவரின் அந்தரங்கமும்

   இந்த உரையின் பொருள் உங்களில் பலர் அறிந்ததுதான். துப்பாக்கி விற்பனைக்குக் கணக்கு வைப்பது குற்றத்தைத் துப்புத் துலக்கவா, வாங்கியவரின் அந்தரங்கத்தில் கைவைக்கவா என்று அமெரிக்காவில் அரை நூற்றாண்டாக வாதம் நடக்கிறது. ஆய்வாளர்களான நம்மிடையேயும் இதில் இரண்டு கட்சிகள் உண்டு. பதிவு கூடினால் அந்தரங்கம் குறையும், பதிவு குறைந்தால் அந்தரங்கம் கூடும் என்ற ஒரே தராசைக் கையில் வைத்துக்கொண்டு இரு தரப்பும் மல்லுக்கு நிற்கின்றன. அந்தத் தராசே கோணல் என்று சொல்ல வந்திருக்கிறேன். ஏட்டைத் தேட முடியாதபடி வைப்பதால் எவருடைய அந்தரங்கமும் காப்பாற்றப்படுவதில்லை. ஏட்டைத் திறந்தவர் யார், எதற்குத் திறந்தார், யார் அனுமதித்தார் என்பதற்கு ஒரு கணக்கு இருந்தால்தான் அது காப்பாற்றப்படும்.

சட்ட நிலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1968ஆம் ஆண்டுத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி உரிமம் பெற்ற வியாபாரி விற்பனைப் பதிவை வைத்திருக்க வேண்டும். வாங்குபவர் நிரப்பும் 4473 என்ற படிவம் கடையிலேயே இருக்கும். 1986ஆம் ஆண்டுச் சட்டம், இவற்றையெல்லாம் திரட்டி மத்திய அரசு ஒரு தேசியப் பதிவேடு உருவாக்கக் கூடாது என்று தடுத்தது. ஆக, பதிவு உண்டு, பதிவேடு இல்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் என்ன நடக்கிறது என்பதைப் பார்க்க மேற்கு வர்ஜீனியா மாநிலத்து மார்ட்டின்ஸ்பர்க் ஊருக்குப் போக வேண்டும்.

அங்கேதான் மது, புகையிலை, சுடுகலன், வெடிபொருள் பணியகத்தின் தேசியத் தடமறியும் மையம் இருக்கிறது. கொலை நடந்த இடத்தில் ஒரு துப்பாக்கி கிடைத்தால் அதன் தயாரிப்பாளர் பெயர், மாடல், வரிசை எண் ஆகியவற்றைக் காவல்துறை இங்கே அனுப்பும். மைய ஊழியர் முதலில் தயாரிப்பாளரைக் கேட்பார். அவர் மொத்த வியாபாரியைக் காட்டுவார். மொத்த வியாபாரி சில்லறைக் கடையைக் காட்டுவார். கடைக்காரர் தம் பேரேட்டைப் புரட்டி முதலில் வாங்கியவர் பெயரைச் சொல்வார். 2021இலும் 2022இலும் ஆண்டுக்கு 5 லட்சத்துக்கு மேற்பட்ட தேடல்கள் இப்படி நடந்தன. கடையை மூடியிருந்தால்? மூடிய கடைகளின் பேரேடுகளும் படிவங்களும் சட்டப்படி இந்த மையத்துக்கே வந்து சேர வேண்டும். அட்டைப்பெட்டி அட்டைப்பெட்டியாக வருகின்றன. கையால் எழுதியவை, நீர் பட்டு ஒட்டிக்கொண்டவை எல்லாம் அவற்றில் அடக்கம். கட்டடத்தின் தளம் பாரம் தாங்காது என்று அஞ்சி, கன்டெய்னர்களில் அடைத்து வெளியே நிறுத்தி வைத்தார்கள். 2021ஆம் ஆண்டு முடிவில் இத்தகைய பதிவுகள் 90 கோடியைத் தாண்டியிருந்தன. பெரும்பாலானவை ஸ்கேன் செய்யப்பட்டவை.

ஸ்கேன் செய்தாயிற்றே, பெயரைத் தட்டினால் வந்துவிடாதா என்று கேட்பீர்கள். வராது. வரக் கூடாது என்பதற்காகவே அவை வெறும் படங்களாக வைக்கப்பட்டிருக்கின்றன. வாங்கியவர் பெயரைக் கொண்டு தேடும் வழி வேண்டுமென்றே அடைக்கப்பட்டிருக்கிறது. ஊழியர் குறிப்பிட்ட கடையின் கோப்பைத் திறந்து, பழைய மைக்ரோஃபிலிமைப் பார்ப்பதுபோலப் பக்கம் பக்கமாகத் தள்ளிக்கொண்டே வரிசை எண்ணைக் கண்ணால் தேடுகிறார். அவசரமான தேடல் ஒரு நாளில் முடியும். சாதாரணமானதற்கு நாள்கள் ஆகும். அத்தனை உழைப்புக்குப் பிறகும் கிடைப்பது முதலில் வாங்கியவர் பெயர் மட்டுமே. அவர் பக்கத்து வீட்டுக்காரருக்கு விற்றிருந்தால் மத்தியச் சட்டப்படி அதற்கு ஏடு எதுவும் தேவையில்லை. சில மாநிலங்கள் மட்டுமே கேட்கின்றன. கணினியை வாங்கி அதன் கையைக் கட்டிப்போட்டுச் சம்பளம் கொடுத்துக் கண்ணால் தேடவைக்கும் இந்த ஏற்பாட்டை நம் நண்பர்களில் ஒரு சாரார் அந்தரங்கத்தின் கோட்டை என்கிறார்கள். கோட்டைக்கு உள்ளே பாருங்கள்: பெயர், முகவரி, பிறந்த தேதி எல்லாம் 90 கோடிப் பக்கங்களில் அப்படியே இருக்கின்றன. அவற்றைப் படிக்க ஆகும் நேரம்தான் கூடியிருக்கிறது.

மறுப்புகளில் வலுவானதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். தேடுவதற்கு ஆகும் சிரமமே ஒரு தடைதான், சிதறிக் கிடக்கும் தகவலும் திரட்டிய தகவலும் ஒன்றல்ல என்பார்கள். 1989இல் அமெரிக்க உச்ச நீதிமன்றமே, குற்றப் பதிவுகள் பற்றிய ஒரு வழக்கில், இந்த வேறுபாட்டை ஏற்றது. நானும் ஏற்கிறேன். ஆனால் சிரமம் என்ற தடைக்கு ஆள் தெரியாது; கொலை வழக்கை விசாரிக்கும் அதிகாரியையும் வம்புக்குத் தேடுபவரையும் ஒரே மாதிரிதான் நிறுத்தும். பணியகம் வரம்பு மீறியதை வெளிக்கொண்டு வந்ததும் அந்தச் சிரமம் அல்ல. ஒருவரே பல கைத்துப்பாக்கிகள் வாங்கிய அறிக்கைகளில் இரண்டாண்டு கழிந்த பெயர்களை நீக்க வேண்டும் என்ற தன் சொந்த விதியையே பணியகம் சரிவரப் பின்பற்றவில்லை என்பதை 2016இல் கண்டுபிடித்தது நாடாளுமன்றத்தின் தணிக்கை அலுவலகம். துப்பாக்கி வாங்க வருபவர் தகுதியானவரா என்று பார்க்கும் பின்னணிச் சோதனையில் நடந்தது இதற்கு நேர்மாறு. தேறியவர்களின் பதிவை 90 நாள் வைத்திருந்த காலத்தில், முதல் ஆறு மாதத்தில் மட்டும், தகுதியற்றவர் கைக்குப் போன துப்பாக்கிகளை மீட்க எஃப்.பி.ஐ. 235 நடவடிக்கைகள் எடுத்தது, பதிவை மறுநாளே அழித்திருந்தால் அவற்றில் 228 நடவடிக்கைகளைத் தொடங்கியே இருக்க முடியாது என்று அதே தணிக்கை அலுவலகம் 2002இல் கணக்கிட்டுக் காட்டியது. அதன் பிறகும் 2004 முதல் 24 மணி நேரத்தில் அழிக்கச் சொல்லிச் சட்டம் வந்தது. தணிக்கைக்கு உதவும் ஏட்டை அழித்துவிட்டுப் பெயர்கள் நிரம்பிய ஏட்டை அடுக்கி வைத்திருக்கிறார்கள்!

பதிவேடு பறிமுதலுக்கு முதல் படி என்ற அச்சத்துக்கும் ஒரு வார்த்தை. நியூசிலாந்தில் 2019 கிரைஸ்ட்சர்ச் படுகொலைக்குப் பின் அரசு சில வகைத் துப்பாக்கிகளைத் தடை செய்து திரும்ப வாங்கியபோது, பெரும்பாலான நீள்துப்பாக்கிகளுக்குப் பதிவேடே கிடையாது. பதிவேடு வந்தது 2023இல். கனடாவிலோ நீள்துப்பாக்கிப் பதிவேடு இருந்தது; 2012இல் சட்டம் இயற்றி அதை ஒழித்தார்கள். பறிமுதல் நடப்பதும் நடக்காததும் நாடாளுமன்றத்தின் பெரும்பான்மையைப் பொறுத்தவை.

அந்தரங்கம் உண்மையாகவே சந்தி சிரித்த இடங்கள் வேறு. 2012 டிசம்பரில் நியூயார்க் மாநில நாளிதழ் ஒன்று இரண்டு மாவட்டங்களில் கைத்துப்பாக்கி அனுமதி பெற்றவர்களின் பெயரையும் முகவரியையும் வரைபடமாக வெளியிட்டது. அன்றைய சட்டம் அதை அனுமதித்தது. 2022 ஜூனில் கலிஃபோர்னிய நீதித்துறையின் இணையத் தரவுப் பலகை வழியே, துப்பாக்கி உரிமம் கோரிய ஏறத்தாழ 1,92,000 பேரின் விவரம் கசிந்தது. இரண்டும் உரிமப் பட்டியல்கள், விற்பனை ஏடுகள் அல்ல என்று நண்பர்கள் சுட்டுவார்கள், சரிதான். வெளியிடும் விதியும் காவலும் சரியில்லாவிட்டால் எந்தப் பட்டியலும் இப்படித்தான் ஆகும் என்பதற்காகச் சொன்னேன்.

இனி ஆய்வு மாணவர்களுக்குச் சில குறிப்புகள். துப்பாக்கிக் கடைகளுக்கென 2022இல் வந்த கடன் அட்டை வணிகக் குறியீட்டை, அரசின் கையில் இல்லாத ஒரு பதிவாக யாரேனும் ஆராயலாம். வாங்கியவர் விவரங்களை ஆய்வாளருக்குத் தந்து, அவர் பெயர்களை வெளியிடக் கூடாது என்று விதிக்கும் கலிஃபோர்னியாவின் 2021 சட்டத்தைத் தனியே பார்க்க வேண்டும். நம் இந்தியாவில் ஆயுத உரிமங்களுக்கான தேசியத் தரவுத்தளமும் ஒவ்வொருவருக்கும் தனி அடையாள எண்ணும் இருக்கின்றன. அந்தத் தரவுத்தளத்தை எந்த அலுவலகம் எத்தனை முறை திறக்கிறது, திறந்ததற்குத் தடம் பதிவாகிறதா, உரிமதாரர் அதைக் கேட்டுப் பெற முடியுமா என்று தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒரு மனு போட்டுத் தொடங்கலாம்.