மூச்சுக்கும் மருந்து, மனசுக்கும் மருந்து

(மேலப்பாளையத்தில் பீடி சுற்றும் பெண்களுக்காக நமது அறக்கட்டளை நடத்திய மருத்துவ முகாமில் செயலாளர் ஆற்றிய உரை)



தறிச் சத்தம் குறைந்த நம் தெருக்களில் எத்தனையோ வீடுகளைத் தாங்கி நிற்பது பீடிச் சுளகுதான். பிள்ளைகளின் படிப்பும் குமர் காரியமும் அதை நம்பியே நடக்கின்றன. ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. கை நின்றால் அன்றைய கணக்கும் நின்றுவிடும்.

இழுப்பு, வீசிங் என்று நாம் சொல்லும் ஆஸ்துமா, இந்தக் கணக்கில்தான் முதலில் கை வைக்கிறது. புகையிலைத் தூள் மூச்சுக்குழாயை உறுத்தும். ஏற்கனவே ஆஸ்துமா உள்ளவருக்கு அந்தக் குழாய் இன்னும் சுருங்கும். விறகுப் புகையும் வீட்டு ஆண்களின் சிகரெட், பீடிப் புகையும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். இரவில் இருமல், தூக்கமில்லை. காலையில் சுளகை மடியில் வைத்தால் கை ஓடாது. 800 சுற்றியவர் 400இல் நிற்பார். அவசரமாகச் சுற்றியதில் செக்கிங்கில் கழிவு விழும். வேலைக்கு உட்கார்ந்தும் வேலை நடக்காத இந்த நாட்கள், படுத்திருக்கும் நாட்களைவிட அதிகம்.

அடுத்தது மனசு. கடனை எப்படி அடைப்பது, இன்று இரவும் மூச்சு முட்டுமோ என்ற பயம் உள்ளே குடியேறுகிறது. ஆஸ்துமா உள்ளவர்களிடம் பதற்றமும் மனச்சோர்வும் மற்றவர்களைவிட அதிகம் காணப்படுவதை மருத்துவ உலகம் அறிந்திருக்கிறது. பதற்றம் வந்தால் மூச்சு வேகமாகும், நெஞ்சு இறுகும். இழுப்பா, பயமா என்று பிரித்தறிய முடியாது. சோர்வு வந்தால் மருந்து எடுக்கவே மனம் வராது. மருந்தை விட்டால் இழுப்பு கூடும். கயிற்றின் இரண்டு முனைகளும் இப்படி ஒன்றையொன்று இறுக்குகின்றன. ஒரு முனையை மட்டும் அவிழ்த்தால் போதாது.

இப்படிப்பட்ட சகோதரியை 'சோம்பேறி' என்றோ 'ஈமான் குறைவு' என்றோ யாரும் சொல்ல வேண்டாம். ஓதிப் பார்ப்பதை நாம் தடுக்கவில்லை. துஆ முஃமினின் ஆயுதம். ஆனால் நோய்க்கு மருத்துவம் செய்துகொள்ளச் சொன்னதும் நம் நபி (ஸல்) அவர்களே.

'இன்ஹேலர் பழகிவிடும்' என்ற பயம் பல வீடுகளில் இருக்கிறது. மருந்து நேரே மூச்சுக்குழாய்க்குப் போவதால் மிகக் குறைந்த அளவே போதும். இதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, மூச்சு முட்டும்போது உடனே ஆறுதல் தருவது. மற்றொன்று, உள்வீக்கத்தைக் குறைத்து இழுப்பே வராமல் காப்பது. இந்த இரண்டாவதை, நன்றாக இருக்கும் நாளிலும் மருத்துவர் சொன்னபடி எடுக்க வேண்டும். எடுத்தபின் வாய் கொப்பளிக்க வேண்டும். பேச முடியாத அளவு மூச்சு முட்டினாலோ உதடு நீலம் பாய்ந்தாலோ தாமதிக்காமல் 108ஐ அழையுங்கள். நோன்பில் இன்ஹேலர் பற்றி ஆலிம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. உங்கள் ஆலிமிடமும் மருத்துவரிடமும் கேட்டு முடிவெடுங்கள். நோயாளி பிறகு களா செய்ய மார்க்கம் சலுகை தந்திருக்கிறது. நோன்புக்காக மருந்தை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

வீட்டில் செய்யக்கூடியவை சில: காற்றோட்டமுள்ள திண்ணையில் அமர்ந்து சுற்றுங்கள். தூளை மூடி வையுங்கள். படுக்கும் அறையிலும் சமையலறையிலும் வைக்க வேண்டாம். சிந்திய தூளைப் பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள். பிள்ளைகளைச் சுளகருகே விடாதீர்கள். ஆண்களே, வீட்டுக்குள் புகைப்பதை இன்றோடு நிறுத்துங்கள்.

மனம் கனத்துக் கிடந்தால் 14416 என்ற டெலிமானஸ் எண்ணை அழையுங்கள். 2022 முதல் இயங்கும் அரசின் இலவசச் சேவை இது. இரவிலும் பேசலாம், தமிழிலேயே பேசலாம். பீடித் தொழிலாளர் அடையாள அட்டை இல்லாதவர்கள் எங்களிடம் வாருங்கள். விண்ணப்பம் எழுதித் தருகிறோம். தொழிலாளர் நல மருந்தகத்தில் காட்ட அது வேண்டும்.

இனி நமது மருத்துவ உதவியில் மாதாந்திர இன்ஹேலரும் மனநல மருத்துவரிடம் போய்வரும் செலவும் சேரும். உதவி பெறுபவர் பெயர் அலுவலகத்தைத் தாண்டாது. வசதியுள்ளவர்களே, உங்கள் ஜகாத்திலும் ஸதகாவிலும் இந்த ஏழைச் சகோதரிகளுக்கு ஒரு பங்கு ஒதுக்குங்கள். ஒருவருக்கு மூச்சு சீரானால் ஒரு குடும்பத்தின் அடுப்பு எரியும்.

அல்லாஹ் நம் நோயாளிகள் அனைவருக்கும் பூரண ஷிஃபாவைத் தந்தருள்வானாக. ஆமீன்.