லைன் வீட்டுக்குத் தனி மீட்டர் கொடு!



வீட்டு மின்சாரத்தில் முதல் 100 யூனிட்டுக்குக் காசில்லை என்று 2016 மே மாதம் தமிழ்நாடு சர்க்கார் உத்தரவு போட்டது. இரண்டு மாதத்துக்கு 100 யூனிட். நல்ல உத்தரவுதான், நாம் குறை சொல்லவில்லை. நாம் கேட்பது இதுதான்: அந்த 100 யூனிட் நம் வாசலுக்கு வந்ததா?

திருப்பூரிலும் கோவையிலும் மில் தொழிலாளி எங்கே குடியிருக்கிறான்? லைன் வீட்டில். வயலில் வேலையில்லாமல் ஊரை விட்டு மில்லுக்கு வந்த விவசாயத் தொழிலாளியின் பிள்ளைகளும் அங்கேதான். பத்து வாசல், பல இடங்களில் ஒரே மீட்டர். அது வீட்டுக்காரர் பெயரில் இருக்கிறது. சலுகையோ மீட்டருக்குத்தான், குடும்பத்துக்கு அல்ல.

கணக்கைப் பாருங்கள். 2022 செப்டம்பர் 10-ந் தேதி ஏறிய கட்டணத்தை வைத்துச் சொல்லுகிறோம். ஒரு குடும்பம் இரண்டு மாதத்தில் 150 யூனிட் செலவழிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தனி மீட்டர் இருந்தால் 100 போக மீதி 50 யூனிட். யூனிட் 2 ரூபாய் 25 காசு. பில் 112 ரூபாய் 50 காசு, தீர்ந்தது.

அதே பத்துக் குடும்பமும் ஒரே மீட்டரில் ஓடினால் 1,500 யூனிட். 500-ஐத் தாண்டிய மீட்டருக்கு 2 ரூபாய் 25 காசு என்ற விலையே கிடையாது. நாலரையில் தொடங்கி 6, 8, 9, 10 என்று ஏறி, ஆயிரத்துக்கு மேல் யூனிட் 11 ரூபாய். மொத்தம் 12,050 ரூபாய். குடும்பத்துக்கு 1,205 ரூபாய்! அதே விளக்கு, அதே விசிறி. கட்டணம் மட்டும் பத்து மடங்குக்கு மேல். பங்களாவில் குளிர்சாதனம் ஓட்டுகிறவருக்கென்று போட்ட விலை, ஷிப்டு முடிந்து வந்து விசிறிக்கடியில் படுப்பவன் தலையில் விழுகிறது. அதற்குப் பிறகு 2024 ஜூலையில் கட்டணம் 4.83 சதவீதம் மேலும் ஏறியது.

ஆகவே யூனிட்டுக்கு எட்டு ரூபாய், பத்து ரூபாய் வாங்கும் வீட்டுக்காரரை வைதால் மட்டும் தீராது. தனித்தனி மீட்டர் வைத்தும் இலவச யூனிட்டைத் தாமே விழுங்குகிறவர்கள் உண்டு. அவர்களை விடக்கூடாது. ஆனால் ஒற்றை மீட்டரில் கட்டுகிறவருக்கும் பில் அப்படித்தான் வருகிறது. கேட்க வேண்டிய இடம் சர்க்கார்.

குடியிருக்கும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனி இணைப்பு, தனி மீட்டர் கொடு. அதற்கான டெபாசிட்டையும் மீட்டர் செலவையும் சர்க்கார் ஏற்கட்டும். வீட்டுக்காரர் கையெழுத்துப் போட மறுத்தால், குடியிருப்பதற்கு ரேஷன் கார்டையே அத்தாட்சியாக எடுத்துக்கொள்ளட்டும். மாதாமாதம் கணக்கெடுப்போம் என்று 2021 தேர்தலில் தி.மு.க. வாக்களித்தது, 2022-ல் கட்டண உயர்வுதான் வந்தது. வாரக்கூலி வாங்குகிறவன் இரண்டு மாத பில்லை ஒரே நாளில் எங்கிருந்து எடுத்து வைப்பான்?

கேட்டால் கிடைக்குமா என்று ஒரு தாய் கேட்டார். 1970 ஜூன் 19-ந் தேதி, மின்கட்டண உயர்வை எதிர்த்த விவசாயிகள் மீது பெருமாநல்லூரில் போலீஸ் துப்பாக்கிப் பிரயோகம் செய்தது. மூன்று பேர் மாண்டார்கள். போராட்டம் அதோடு அடங்கவில்லை. 1990-ல் விவசாயிகளின் பம்ப்செட்டுக்கு முழுக்க இலவச மின்சாரம் வந்தது. இடையில் இருபது வருஷம். நம் கோரிக்கை அதைவிடச் சிறியது. இத்தனை வருஷம் காத்திருக்க நாம் தயாரில்லை.

வேலை இப்போது இதுதான். ஒவ்வொரு லைனிலும் எத்தனை குடும்பம், எத்தனை மீட்டர், யூனிட்டுக்கு என்ன வாங்குகிறார்கள் என்று எழுதுங்கள். துண்டுச் சீட்டில் கணக்கு எழுதிக் கொடுத்திருந்தால் அதைக் கிழித்துப் போடாதீர்கள். மகஜரோடு அதையும் வைக்க வேண்டும். பெண்கள் முன்னால் நின்றால்தான் இது நடக்கும். பில் கட்டக் காசைத் தேடி அலைகிறவர்கள் அவர்கள்தானே. லைனுக்கு இரண்டு பேர் வீதம், இப்போதே பெயர் கொடுங்கள்.