கட்டிடத்தைக் காணிக்கையாகக் கொடுக்க விரும்புவோருக்கு
(இங்கிலாந்தில் ஆதரவாளர் கூட்டத்தில் பேசியது)



உங்களில் சிலர் இந்நாட்டில் கடையோ அலுவலகமோ வாங்கி வாடகைக்கு விட்டிருக்கிறீர்கள். எங்களுக்குப் பின் அந்த வாடகை ஆஸ்பத்திரியின் ஏழை நோயாளிகளுக்குப் போகட்டும் என்று நீங்கள் சொல்லும்போது கர்த்தரை ஸ்தோத்திரிக்கிறோம். ஆனாலும் உயில் எழுதுமுன் ஒரு காகிதத்தைப் பார்த்துவிடும்படி கேட்டுக்கொள்கிறோம். அது எரிசக்தித் திறன் சான்றிதழ்.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வணிகக் கட்டிடங்களுக்கு இது 2008-ல் வந்தது. விற்கும்போதும் புதிதாக வாடகைக்கு விடும்போதும் வேண்டும். 10 ஆண்டு செல்லும். ஏ முதல் ஜி வரை தரம், ஏ சிறந்தது. மதிப்பீட்டாளர் சுவர், கூரை, ஜன்னல், விளக்கு, கொதிகலன் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு கணக்கிடுகிறார். மின் கட்டண ரசீதை வைத்து அவர் தரம் போடுவதில்லை. விளக்கை அணைத்து அணைத்துச் சிக்கனம் பிடிக்கும் கடைக்காரருக்கு இதில் ஒரு மதிப்பெண்ணும் கிடையாது! எங்களுக்கு இது சற்று அநியாயமாகவே படுகிறது. ஆனால் கடைக்காரர் மாறுவார், சுவர் அப்படியே இருக்கும் என்பதும் நியாயந்தானே.

வெகுநாள் பலர் இதைப் பெட்டியில் வைத்து மறந்திருந்தார்கள். 2018 ஏப்ரல் 1 முதல், ஈ என்ற தரத்துக்குக் கீழே, அதாவது எஃப் அல்லது ஜி பெற்ற கட்டிடத்தைப் புதிதாகக் குத்தகைக்கு விடக்கூடாது என்றாயிற்று. 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பிலுள்ள குத்தகைக்கும் அதே சட்டம். மீறினால் அபராதம் 1,50,000 பவுண்டு வரை போகலாம். விலக்கு பெற வழியுண்டு. போட்ட செலவு 7 ஆண்டுச் சேமிப்பில் திரும்பி வராது என்று காட்டிப் பதிவு செய்யலாம். அது 5 ஆண்டுக்குத்தான். உரிமையாளர் மாறினால் அந்த விலக்கு கட்டிடத்தோடு கூட வராது. இதைத்தான் விசேஷமாகச் சொல்ல வந்தோம். உங்கள் பெயரில் விலக்கு பெற்று வாடகை தந்துகொண்டிருந்த கடை, எங்கள் பெயருக்கு வந்தபின் வாடகைக்கு விட முடியாமல் நிற்கலாம். நோயாளியின் மருந்துக்கு வரவேண்டிய பணம் கூரைக்கும் கொதிகலனுக்கும் போய்விடும்.

ஆராதனைக் கட்டிடங்களுக்கு இந்தச் சான்றிதழ் தேவையில்லை. ஆகவே ஆலயத்தைப் பற்றிக் கலங்கவேண்டாம். சபைக்குச் சொந்தமான கடைக்கு அந்தச் சலுகை இல்லை.

அரசாங்கப் பதிவேட்டில் அஞ்சல் குறியீட்டைக் கொடுத்து யாரும் இலவசமாகப் பார்க்கலாம். பேரப்பிள்ளைகளைக் கேளுங்கள், நிமிஷத்தில் எடுத்துத் தருவார்கள். சில கடைகளில் பழைய விளக்குகளை எல்.இ.டி.யாக மாற்றினாலே தரம் ஒரு படி ஏறுவதுண்டு. எஃப், ஜி என்று இருந்தால் எங்களுக்கு எழுதுங்கள். கடையாகவே வைப்பதா, விற்றுப் பணமாகத் தருவதா என்று கூடிப் பேசுவோம்.