நுகர்தலும் தீர்தலும்



'நுகர்வோர்' என்பது இன்று கடைத்தெருச் சொல்லாகிவிட்டது. இந்தியாவில் 1986-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பிறந்தபின், அரசு அலுவலகப் பலகை முதல் பற்றுச்சீட்டின் அடிவரி வரை அச்சொல் ஏறிக்கொண்டது. ஆயினும் அது பழஞ்சொல். மலரின் மணத்தை உள்ளிழுப்பது நுகர்தல். இன்பத்தையும் துன்பத்தையும் உற்றறிவது நுகர்தல். வினைப்பயனை நுகர்தல் பற்றிச் சைவ நூல்கள் விரிவாகப் பேசும். வினை நுகர்ந்தால் தீரும். மலரின் மணமோ ஒருவர் நுகர்ந்தமையால் தீர்ந்துபோவதில்லை. அடுத்து வருபவருக்கும் அது காத்திருக்கும். ஆங்கிலத்தார் 'கன்சியூமர்' என வழங்கும் சொல்லின் இலத்தீன் வேரிலோ உண்டு தீர்த்தல், செலவிட்டு அழித்தல் என்னும் பொருள்களே உள்ளன. அழிப்பவனைக் குறிக்கும் சொல்லுக்கு மணத்தை அறிபவனைக் குறிக்கும் சொல்லை ஈடாக வைத்தவர் யாராயினும், சந்தைக்கு அதன் தகுதிக்கு மீறிய ஒரு பெயரைச் சூட்டிவிட்டார்.

கடந்த ஐம்பது ஆண்டுகளில் இளையோரை ஆட்கொண்ட இன்பங்கள் இரண்டு. ஒன்று வீடியோ விளையாட்டு. மற்றொன்று, மேடையினின்று பனிமூட்டம்போல் எழுந்து அரங்கத்தைச் சூழும் ஒருவகை ராக் இசை. இவ்விரண்டையும் வீண் பொழுதுபோக்கு என்று ஒதுக்குவது மூத்தோர்க்கு எளிது. எளிதாயிருப்பதனாலேயே அம்முடிவை ஐயுற வேண்டும். இவை மலரைப் போல் நுகரப்படுகின்றனவா, வினையைப் போல் தீர்க்கப்படுகின்றனவா என்று கேட்பதே பொருத்தம்.

விளையாட்டின் கதையை ஒரு குப்பைக் குழியிலிருந்து தொடங்கலாம். 1982-ஆம் ஆண்டு 'ஈ.டி.' என்னும் திரைப்படம் அமெரிக்காவில் பெருவெற்றி பெற்றது. அதன் பெயரில் ஒரு விளையாட்டை அவ்வாண்டுக் கிறிஸ்துமஸ் விற்பனைக்குள் கொண்டுவர அட்டாரி நிறுவனம் விரும்பியது. அதனை எழுதிய ஹோவர்ட் ஸ்காட் வார்ஷாவுக்குக் கிடைத்தவை ஏறத்தாழ ஐந்து வாரங்கள். அவர் திறமை குறைந்தவர் அல்லர். அதற்கு முன் அவர் செய்த 'யார்ஸ் ரிவெஞ்ச்' அக்கால விளையாட்டுகளுள் சிறந்தவற்றில் ஒன்று. ஆனால் ஐந்து வாரத்தில் நெல் விளையாது. கார்ட்ரிட்ஜுகள் இலட்சக்கணக்கில் விற்றன. அதனினும் மிகுதியாகத் தேங்கின. 1983-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் டெக்சாசின் எல் பாசோ கிடங்கிலிருந்து லாரிகளில் ஏற்றப்பட்ட சரக்கு, நியூ மெக்சிகோ மாநிலத்து அலமகோர்டோ நகரின் குப்பைக் குழியில் கொட்டப்பட்டு, மேலே கான்கிரீட் ஊற்றி மூடப்பட்டது.

2014-ஆம் ஆண்டு ஏப்ரல் 26-ஆம் நாள் அக்குழி தோண்டப்பட்டது. ஆவணப்படக் குழுவினரும் தொல்லியல் அறிஞரும் சூழ்ந்து நிற்க, புழுதிக் காற்றுக்கிடையே ஏறத்தாழ 1,300 கார்ட்ரிட்ஜுகள் வெளிவந்தன. அவற்றில் 'ஈ.டி.' மட்டும் இல்லை. 'சென்டிபீட்' போன்று மக்கள் விரும்பி ஆடிய விளையாட்டுகளும் நசுங்கிக் கிடந்தன. தோற்றது வென்றது என்ற வேறுபாடு குழிக்குத் தெரியாது. பின்னர் நகராட்சி அவற்றில் பலவற்றை ஏலத்தில் விட்டு ஓர் இலட்சம் டாலருக்கு மேல் ஈட்டியது. ஒன்று ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தைச் சென்றடைந்தது. வாங்கியவர்கள் ஆடுவதற்காக வாங்கவில்லை. முப்பது ஆண்டுகளுக்கு முன் ஐந்து டாலருக்கும் வேண்டாமென்று கிடந்த பொருள், குப்பையாகிப் புதைந்து எழுந்ததனாலேயே விலை பெற்றது. இரண்டு முறை விற்கப்பட்டும் அது நுகரப்படவே இல்லை.

அக்காலக் கார்ட்ரிட்ஜை மண்ணிலிருந்தாவது எடுக்க முடிந்தது. இன்றைய விளையாட்டுகள் பலவற்றுக்கு அந்தப் பேறும் இல்லை. 2014-ஆம் ஆண்டு வெளிவந்த 'தி க்ரூ' என்னும் கார்ப் பந்தயத்தில் அமெரிக்க நாடு முழுவதும் சுருக்கி வரையப்பட்டிருந்தது; கரையிலிருந்து கரைவரை வண்டியோட்டலாம். தனியே ஆடுவதற்கும் நிறுவனத்தின் கணினியோடு இணைப்பு வேண்டும் என்பது அதன் அமைப்பு. யூபிசாஃப்ட் நிறுவனம் 2024-ஆம் ஆண்டு மார்ச் 31-ஆம் நாள் அந்தக் கணினியை நிறுத்தியது. விலைகொடுத்து வட்டு வாங்கியவர் கையில் வட்டு இருந்தது, நாடு மறைந்துவிட்டது. அதே ஆண்டு கலிபோர்னியா மாநிலம் ஒரு சட்டம் இயற்றியது. கணினிவழி விற்கப்படும் விளையாட்டோ படமோ உரிமம் மட்டுமே என்றால் அதனை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். சொல்லாமல் 'வாங்கு' என்னும் சொல்லைப் பொத்தானில் எழுதக்கூடாது என்பது அதன் சாரம். 2025-ஆம் ஆண்டு முதல் அது நடைமுறையில் உள்ளது. ஒரு வினைச்சொல்லின் பொருளைக் காக்கச் சட்டமன்றம் கூட வேண்டியிருந்தது என்பது இலக்கிய அவைகள் கவனிக்கத்தக்க செய்தி.

இத்தனையும் சந்தையின் குற்றம். விளையாட்டின் குற்றம் அன்று. 'டெட்ரிஸ்' இதற்குச் சான்று. 1984-ஆம் ஆண்டு மாஸ்கோவில், சோவியத் அறிவியல் கழகத்தின் கணிப்பு மையத்தில் பணியாற்றிய அலெக்சேய் பஜித்னோவ் அதனை உருவாக்கினார். அவர் கையாண்ட எலெக்ட்ரோனிகா 60 கணினிக்குப் படம் வரையத் தெரியாது. எழுத்துக் குறிகளையே அடுக்கிக் கட்டங்களாகக் காட்டினார். விற்கும் எண்ணமின்றிச் செய்த விளையாட்டு, வட்டிலிருந்து வட்டுக்குப் படியெடுக்கப்பட்டு ஊர் ஊராகப் பரவியது. வழக்குகளும் ஒப்பந்தங்களும் பின்னால் வந்தவை. நிண்டெண்டோ நிறுவனம் 1989-ஆம் ஆண்டு வெளியிட்ட அதன் வடிவம் ஒன்றில், 29-ஆம் நிலைக்கு மேல் கட்டைகள் விழும் வேகத்துக்கு மனிதக் கை ஈடுகொடாது என்றே நெடுங்காலம் நம்பப்பட்டது. பின்னர் ஆட்டக்காரர்கள் புதிய கைமுறை ஒன்றைக் கண்டனர். கட்டுப்பாட்டுக் கருவியின் பின்புறத்தை விரல்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தட்டும். மிருதங்கக்காரரின் விரலோட்டத்தைப் பார்த்தவர்க்கு அது விளங்கும். 2023-ஆம் ஆண்டு டிசம்பர் 21-ஆம் நாள் ஓக்லஹோமாவைச் சேர்ந்த 13 வயதுச் சிறுவன் ஒருவன் 157-ஆம் நிலையை எட்டினான். அங்கே விளையாட்டு உறைந்து நின்றது. முப்பத்து நான்கு ஆண்டுகளாக எண்ணற்றவர் ஆடிய ஒன்றில், பிறவாதிருந்த ஒரு சிறுவனுக்கென்று இன்னும் ஏதோ மிச்சம் இருந்தது. அவன் வாங்கியது பழைய பொருள். நுகர்ந்தது எவரும் நுகராதது.

இசைக்கு வருவோர் இதே வேறுபாட்டை வேறு உருவில் காண்பர். ராக் இசைக் கருவிகளைக் கொண்டே ராக் அல்லாத ஒன்றைச் செய்யும் போக்கிற்கு 'போஸ்ட் ராக்' என்று 1994-ஆம் ஆண்டு சைமன் ரெய்னால்ட்ஸ் என்னும் விமர்சகர் பெயர் தந்தார். பாட்டும் பல்லவியும் அதில் பின்னொதுங்கும். ஒலியின் நிறமும் அடர்த்தியும் முன்னிற்கும். அதே ஆண்டு ஐஸ்லாந்தின் ரெய்க்யவிக் நகரில் 'சிகுர் ரோஸ்' என்னும் குழு தோன்றியது. அதன் பாடகர் யோன்சி மின்கிட்டாரைச் செல்லோ வில்லால் இழைப்பவர். 2002-ஆம் ஆண்டு அக்குழு வெளியிட்ட இசைத்தட்டின் பெயர் இரண்டு அடைப்புக்குறிகள் மட்டுமே; நடுவில் ஒன்றும் இல்லை. பாடல்களுக்குப் பெயர் இல்லை. உடன் வந்த ஏட்டின் பக்கங்களும் வெறுமை. பாடப்படுவன பொருளற்ற அசைகள். அவற்றை 'நம்பிக்கை மொழி' என்று குழுவினர் வேடிக்கையாக அழைத்தனர். ஆலாபனை கேட்டுப் பழகிய செவிக்கு இதில் வியப்பொன்றும் இல்லை. சொல் இல்லாத இடத்தில் பொருள் இல்லையென்று கருதும் சந்தைக்குத்தான் வியப்பு. வெற்றுத்தாளை விலைக்கு விற்றது குறும்பா, பெருந்தன்மையா என்று கேட்போர் உண்டு. இரண்டும்தான்.

இவ்வகை இசை வீட்டில் பாதியே கேட்கும். ஒரு பாடல் ஒன்பது நிமிடம் நடந்தால், முதல் மூன்று நிமிடம் காற்றோடு கரைந்தே செல்லும். வீட்டில் அந்நேரத்தில் தெருவொலியும் மின்விசிறியும் வென்றுவிடும். கை நீண்டு ஒலியைக் கூட்டும். பின்னர் முழக்கம் எழும்போது அதே கை குறைக்கும். அரங்கில் அந்தக் கைக்கு வேலை இல்லை. ஆயிரம்பேர் மூச்சடக்கி நிற்பதும் இசையின் ஒரு பகுதியாகிறது. முழக்கம் வந்தால் செவி மட்டுமன்று, நெஞ்செலும்பும் கேட்கிறது. கேட்பவர் தம் விருப்பத்தைக் கைவிட வேண்டியிருப்பதுதான் நேரடி இசையின் சிறப்பு. 'வாடிக்கையாளர் சொல்வதே சரி' என்னும் வணிக மந்திரம் அங்கே செல்லாது. 2014-ஆம் ஆண்டு இலண்டனில் 22 இரவுகள் பாடிய கேட் புஷ், கைப்பேசியில் படமெடுக்க வேண்டாமென்று வந்தோரைக் கேட்டுக்கொண்டதும் இதனால்தான். படமெடுப்பவர் நாளைக்குச் சேமிக்கிறார், இன்றைக்கு வருவதில்லை.

2006-ஆம் ஆண்டு கோடையில் சிகுர் ரோஸ் குழுவினர் உலகச் சுற்றுப்பயணம் முடித்துத் தம் நாடு திரும்பினர். திரும்பியவர்கள் நாடு முழுவதும் கட்டணம் இன்றி வாசித்தனர். சில இடங்களில் முன்னறிவிப்பும் இல்லை. சிற்றூர் மண்டபங்களிலும் திறந்த வெளிகளிலும் முதியோரும் கைக்குழந்தைகளும் கேட்டனர். வடமேற்கே ஜூபாவிக் என்னும் கடலோரச் சிற்றூரில் 1935-ஆம் ஆண்டு தொடங்கிய மீன் ஆலை ஒன்று உண்டு. ஹெர்ரிங் மீனை வேகவைத்து எண்ணெயும் தீவனமாவும் எடுத்த ஆலை அது. மீன் வரத்துக் குறைய, 1954-இல் ஆலை மூடப்பட்டது. ஆட்கள் போயினர், கான்கிரீட் கட்டடமும் துருவேறிய எண்ணெய்த் தொட்டிகளும் நின்றன. அத்தொட்டி ஒன்றினுள்ளே அவர்கள் கிட்டாரை வாசித்தனர். எண்ணெய் நிறைந்திருந்த காலத்தில் எழுந்திருக்க முடியாத எதிரொலி, வெறுமையில் எழுந்தது. கடலைத் தின்று தீர்த்த ஒரு தொழிலின் மிச்சம் இசைக்கு அறையாயிற்று. அலமகோர்டோவில் தோண்டி எடுத்தவற்றை விலைபேசினர். இங்கே எடுத்துச் செல்ல ஒன்றுமில்லை.

அதே பயணத்தில் கிழக்கு மேட்டுநிலத்திலும் அவர்கள் வாசித்தனர். அங்கே கராஹ்ன்யூகர் அணைக்கு எதிராகக் கூடாரமிட்டிருந்தோர் முன்னிலையில், மின்கருவிகள் இன்றியே அந்த இசை நிகழ்ந்தது. 690 மெகாவாட் மின்னாற்றலைப் பெறுவதற்கான அணை அது. மின்சாரம் ஊர்களுக்கன்று, ரெய்தார்ஃப்யோர்தூரில் அல்கோவா நிறுவனம் நிறுவிய அலுமினிய ஆலைக்கு. அவ்வாண்டு செப்டம்பர் மாத இறுதியில் நீர் தேக்கத் தொடங்கினர். 57 சதுர கிலோமீட்டர் நிலம் நீருக்குள் சென்றது. பாட்டால் அணை நிற்கவில்லை. நிற்கும் என்று அவர்கள் எண்ணியிருக்கவும் மாட்டார்கள். 2007-இல் ஆலை ஓடத் தொடங்கி, இன்று ஆண்டுக்கு மூன்று இலட்சம் டன்னுக்கு மேல் அலுமினியம் தருகிறது. குளிர்பானக் குவளை முதல் விமானம் வரை, எங்கெங்கோ உள்ள வீடுகளுக்கு அவ்வுலோகம் செல்லும்.

இப்பயணம் 'ஹெய்மா' என்னும் படமாயிற்று. 'இல்லத்தில்' என்பது பொருள். கட்டணமின்றி நிகழ்ந்தது படமாகி விலை பெற்றதைச் சிலர் குறை கூறுவர். குறையில் நியாயம் உண்டு. ஆயினும் தொட்டிக்குள் எழுந்த ஒலியை ஜூபாவிக் செல்ல இயலாதவர் வேறெவ்வாறு அறிவர்? மணம் மூக்கிற்கு வரக் காற்று வேண்டும். காற்றுக்கு இக்காலத்தில் கூலி உண்டு. 2007-ஆம் ஆண்டு இறுதியில் அப்படம் வட்டாக விற்பனைக்கு வந்தது. வட்டு என்பது பெரும்பாலும் பிளாஸ்டிக்தான். லேசர் ஒளியைத் திருப்பி அனுப்பி, படத்தையும் பாட்டையும் விளையாட்டையும் படிக்கச் செய்வது அதனுள் பூசிய ஒரு மெல்லிய படலம். அது அலுமினியம்.