முதல் வருட ஃபீஸை மட்டும் பார்க்காதீர்கள்

(சங்கத்தின் மாதாந்திரக் கூட்டத்தில், நம் குடியிருப்பைச் சேர்ந்த ஓய்வுபெற்ற வங்கி அலுவலர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

தண்ணீர் மோட்டார் விஷயத்தைப் பேசியே எல்லோரும் களைத்துப் போயிருப்பீர்கள். செயலாளர் பத்து நிமிடம் கொடுத்திருக்கிறார், அதற்குள் முடித்துவிடுகிறேன்.

பிளஸ் டூ ரிசல்ட் இன்னும் வரவில்லை. அதற்குள் நம்மில் இரண்டு பேர் கல்லூரியில் அட்வான்ஸ் கட்டிவிட்டதாகக் கேள்விப்பட்டேன். கோபித்துக்கொள்ளாதீர்கள், நானும் அதைச் செய்தவன்தான். "இப்போ கட்டலேன்னா சீட் போயிடும் சார்" என்றார்கள், கட்டினேன். பிறகு கவுன்சிலிங்கில் அதைவிட நல்ல கல்லூரி கிடைக்கிற மார்க் பையனுக்கு வந்தது. கட்டிய பணத்தை விட மனசு வராமல் அங்கேயே சேர்த்தேன். வங்கியில் எத்தனையோ பேருக்குக் கல்விக் கடன் போட்டுக் கொடுத்தவன், சொந்தப் பையன் விஷயத்தில் கணக்குப் போடவில்லை. பிள்ளை கல்லூரியை விட்டு விலகினால் அசல் சான்றிதழ்களைப் பிடித்து வைக்கக் கூடாது என்று யூஜிசியும் ஏஐசிடிஇயும் விதி வைத்திருக்கின்றன. யாராவது பயமுறுத்தினால் அதைச் சொல்லுங்கள்.

இப்போது கணக்கு. தனியார் பொறியியல் கல்லூரிகளுக்கு 2017இல் கட்டணக் குழு வைத்த தொகை, கவுன்சிலிங் இடத்துக்கு வருடம் 50,000 ரூபாய், நிர்வாக ஒதுக்கீட்டுக்கு 85,000. இன்றைய தொகையைக் கேட்டுக்கொள்ளுங்கள், நான் சொல்லவருவது நடுவில் இருக்கும் இடைவெளியை. இதற்கு மேல் பஸ், ஹாஸ்டல், தேர்வுக் கட்டணம், லேப்டாப் எல்லாம் உண்டு. நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் இந்தக் கவுன்சிலிங்கிலேயே வராது, அங்கே கட்டணமும் வேறு.

கடன் வாங்கினால் என்ன ஆகும்? வருடத்துக்கு ஒரு லட்சம் வீதம் நாலு லட்சம், பத்து சதவீத வட்டி என்று வைத்துக்கொள்வோம். படிப்பு நாலு வருடம், அதன் பிறகு ஒரு வருடம் தவணை கிடையாது. ஆனால் வட்டி தூங்காது. தனி வட்டி போட்டாலே 1,40,000 சேர்ந்து, தவணை தொடங்கும்போது கடன் 5,40,000 ஆகியிருக்கும். பத்து வருடத்தில் அடைத்தால் மாதம் சுமார் 7,100 ரூபாய். இதுவே வருடத்துக்கு மூன்று லட்சம் என்றால் மாதத் தவணை 21,400. முதல் வேலையில் பையன் கைக்கு 25,000 வந்தால் மிச்சம் என்ன என்று நீங்களே பாருங்கள். நாலு லட்சம் வரை ஜாமீன் சொத்து கேட்க மாட்டார்கள். குடும்ப வருமானம் 4,50,000க்குள் இருந்தால் படிக்கும் காலத்து வட்டிக்கு மத்திய அரசு மானியம் உண்டு, வங்கியில் கேட்டு வாங்க வேண்டும்.

குடும்பத்தில் இதுவரை பட்டதாரியே இல்லையென்றால் முதல் தலைமுறைப் பட்டதாரிச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் இப்போதே எழுதிப் போடுங்கள். கல்விக் கட்டணத்தில் சலுகை கிடைக்கும். ஆனால் ஒன்று: கவுன்சிலிங் மூலம் சேர்ந்தால்தான். நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தால் கிடையாது.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. நம் வளாகத்தில் வேலை பார்க்கும் ஒருவருடைய மகள் ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியிலேயே படித்து இந்த வருடம் பிளஸ் டூ எழுதியிருக்கிறாள். கவுன்சிலிங்கில் போனால் 7.5 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. அதில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாம் அரசே கட்டும். புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் வரும். அவருக்கோ ஒரு ஏஜென்ட், "நேரா சேர்த்துடலாம், 30,000 ரெடி பண்ணுங்க" என்று சொல்லியிருக்கிறான். கந்து வட்டிக்குக் கேட்டு அலைந்துகொண்டிருந்தார். போன வாரம்தான் தெரிந்தது, நிறுத்தச் சொல்லியிருக்கிறேன். உங்கள் வீட்டு வேலைக்கு வருபவர்களையும், தெரிந்த நெசவுக் குடும்பங்களையும் ஒரு வார்த்தை கேளுங்கள்.

தரத்தை எப்படிப் பார்ப்பது? விளம்பரப் பலகையில் இருக்கும் "அதிகபட்ச சம்பளம்" ஒரே ஒரு பிள்ளையுடையது. எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது, நடுவில் இருப்பவருக்கு எவ்வளவு என்று கேளுங்கள். நீங்கள் கேட்கும் பாடப்பிரிவுக்கே என்பிஏ அங்கீகாரம் இருக்கிறதா என்று பாருங்கள். நாக் அங்கீகாரம் என்பது கல்லூரி முழுவதற்கும், அது வேறு. அண்ணா பல்கலைக்கழகம் தேர்ச்சி விகிதம் வெளியிடும். தன்னாட்சிக் கல்லூரிகள் தாங்களே கேள்வித்தாள் தயாரிப்பதால் அவற்றை அதோடு ஒப்பிட முடியாது. வேலை நாளில் ஒரு தடவை நேரில் போய், கேன்டீனில் மூன்றாம் வருடப் பிள்ளைகளிடம் பேச்சுக் கொடுங்கள். கல்லூரி அலுவலகம் சொல்லாததை அவர்கள் சொல்வார்கள்.

பொன்னேரிக்கரையில் அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புக் கல்லூரியே இருக்கிறது. வீட்டிலிருந்து போய்வரலாம், ஹாஸ்டல் செலவு மிச்சம். காஞ்சிபுரம் பச்சையப்பன் கல்லூரியில் கலை, அறிவியல் படிப்புகள் உண்டு. எல்லோரும் இன்ஜினியர் ஆக வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை. பக்கத்தில் இருப்பதாலேயே இவற்றை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

ரிசல்ட் வந்த மறு ஞாயிறு காலை பத்து மணிக்குச் சங்க அறையில் இருப்பேன். மார்க் ஷீட், வருமானச் சான்றிதழ், போன வருட கட்-ஆஃப் பட்டியல் மூன்றையும் எடுத்து வாருங்கள். பிள்ளையையும் அழைத்து வாருங்கள், படிக்கப்போவது அவன்தானே. அந்தப் பெண்ணும் அப்பாவோடு வருவதாகச் சொல்லியிருக்கிறாள். அவளுக்கு விண்ணப்பம் போட லேப்டாப்போடு யாராவது ஒருவர் வந்தால் உதவியாக இருக்கும்.