கத்தியின் கணக்கு



வாளைப் பாடி, வேலைப் பாடி வளர்ந்தது நமது மேடை. இன்று நான் பேச எடுத்துக்கொண்டதோ விரல் நீளமே உள்ள ஒரு கத்தி. களத்திலே அல்ல, பேறுகால அறையிலே பாயும் கத்தி. நாடகம் எழுதிப் பிழைப்பவனுக்கு, கல்லூரிப் படிப்பைப் பாதியிலே விட்டவனுக்கு, மருத்துவத்தில் என்ன வேலை என்று கேட்பீர்கள். மருத்துவம் அறியேன், கணக்குப் பார்க்க அறிவேன். பார்த்த கணக்கைத்தான் உங்கள் முன் வைக்கிறேன்.

கத்தி கொடியதல்ல. குழந்தை குறுக்கே கிடக்கும்போது, நஞ்சுக்கொடி வழியை அடைத்து நிற்கும்போது, நாள் முழுதும் வலி கண்டும் பிள்ளை வெளிவராதபோது, தாயையும் சேயையும் மீட்டுத் தருவது அதுவே. அது கிட்டாமல் மாண்ட தாய்மார்கள் நம் பாட்டிமார் காலத்திலே கொஞ்சமா?

ஆனால் கணக்கைக் கேளுங்கள். இந்தியாவில் நூறு பிரசவங்களில் வயிற்றைக் கீறி எடுத்தவை 2005-06 தேசியக் குடும்பநல ஆய்வின்படி 8.5. பத்தாண்டு கழித்து 17.2. 2019-21 ஆய்விலே 21.5. மருத்துவம் வளர்ந்தது என்று கை தட்டத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். அதே ஆய்வு சொல்கிறது: அரசு மருத்துவமனையிலே 14.3, தனியாரிடத்திலே 47.4.

பீகாருக்குப் போவோம். அங்கே அரசு மருத்துவமனையில் 3.6, தனியாரிடத்தில் 39.6. ஒரே மாநிலம், ஒரே மொழி பேசும் மாதர், ஒரே கங்கைக் கரை. வாசல் மாறினால் இடுப்பெலும்பு சுருங்கிவிடுமோ? சிக்கலான பிரசவங்கள் தனியாரிடம் போகின்றன என்பார்கள். சில போகும், மறுக்கவில்லை. பதினொரு மடங்கா போகும்?

அந்த 3.6 இருக்கிறதே, அதைக் கண்டு மகிழ வேண்டாம். கத்தி தேவைப்பட்ட ஏழைப் பெண்ணுக்கு அது எட்டவில்லை என்பதற்கான சாட்சியம் அது. மயக்க மருந்து கொடுப்பவர் இல்லை, ஏற்றுவதற்கு இரத்தம் இல்லை, இரவிலே மருத்துவர் இல்லை என்றால், கத்தி மட்டும் எங்கிருந்து வரும்? தேவைப்பட்டவளுக்குக் கிடைக்காத கத்தி, தேவையற்றவள் வயிற்றிலே விழுகிறது. தெலுங்கானாவின் தனியார் மருத்துவமனைகளில் நூற்றுக்கு 81.5! பத்துப் பெண்களில் எட்டுப் பேரை இயற்கை பிழையாகப் படைத்துவிட்டது என்று நம்பச் சொல்கிறார்களா?

நம் வீட்டுக் கணக்கையும் மறைக்க மாட்டேன். தமிழ்நாட்டில் 44.9. தனியாரிடத்தில் 63.8, அரசு மருத்துவமனையிலும் 36. அரசு மருத்துவமனையிலே பணப்பை இல்லையே, பிறகு ஏன்? சிறிய நிலையங்களிலிருந்து சிக்கல்கள் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பப்படுகின்றன. அது ஒரு காரணம். முதற் பேற்றில் விழுந்த கத்தி அடுத்த பேற்றுக்கும் இடம் பிடித்து வைத்துவிட்டுப் போகிறது, இது மற்றொன்று. வலிக்குத் துணையின்றி அஞ்சி, தானே கத்தியைக் கேட்கும் பெண்ணும் உண்டு. நல்ல நேரம் குறித்துக்கொண்டு வந்து நிற்கும் பாட்டனாரும் உண்டு! பஞ்சாங்கத்தைப் பார்த்து வயிற்றைக் கிழிக்கும் காட்சியை என் நாடகத்திலே வைத்தால், மிகை என்று நீங்களே சொல்வீர்கள்.

தனியாரிடத்திலோ காரணம் தேடி அலைய வேண்டியதில்லை. இயற்கைப் பேற்றுக்குப் பன்னிரண்டு மணி நேரம் காத்திருக்க வேண்டும். கத்திக்கு ஒரு மணி நேரம் போதும். நேரமும் மிச்சம், கட்டணமும் அதிகம். 2017-18-இல் நடந்த தேசிய மாதிரி ஆய்வு, நாட்டுப்புறத்திலே ஒரு பேறுகாலச் செலவு சராசரியாக அரசு மருத்துவமனையில் 2,404 ரூபாய், தனியாரிடத்தில் 20,788 ரூபாய் என்கிறது. தொட்டில் வாங்குமுன் கடன் பத்திரம் எழுதும் குடும்பங்கள் எத்தனை!

உயிர் காக்கத்தானே செலவு என்பார்கள். காத்ததா? ஒரு நாட்டிலே நூற்றுக்குப் பத்தைத் தாண்டிய பிறகு கத்தி கூடுவதால் தாய் சேய் சாவு குறைவதாகத் தெரியவில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2015-இல் அறிவித்தது. 2018-20-இல் இலட்சம் பிரசவங்களுக்குக் கேரளத்தில் மாண்ட தாய்மார் 19 பேர். தெலுங்கானாவில் 43 பேர். கத்தி விழுந்ததோ கேரளத்தில் 38.9, தெலுங்கானாவில் 60.7. வேறு காரணங்களும் இருக்கும். ஆனால் கத்தி மிகுந்தால் சாவு குறையும் என்ற வாதம் மட்டும் நிற்கவில்லை. மாறாக, தேவையற்ற கீறல் இரத்தப்போக்கையும் சீழையும் அழைத்து வரலாம். அடுத்த கருவின் நஞ்சு பழைய தழும்பிலே வேரோடவும் கூடும்.

பிறப்போடு நிற்கவில்லை இந்தக் கத்தி. மராட்டியத்தின் பீட் மாவட்டத்திலே கரும்பு வெட்டப் போகும் பெண்களை 2019-இல் விசாரித்தார்கள். ஏறத்தாழ 82,000 பேரில் 13,000-க்கு மேற்பட்டோருக்குக் கருப்பை இல்லை! கணவனும் மனைவியும் ஒரே அரிவாளாகக் கணக்கிடப்பட்டு, முன்பணம் பெற்றுக்கொண்டு போகிறவர்கள். ஒரு நாள் வேலைக்கு வராவிட்டால் அபராதம். மாதவிலக்கு வந்தால் கூலி போகும். கருப்பையே போய்விட்டால் கூலி நிற்கும். வெட்டியது மருத்துவர் கை. வெட்ட வைத்தது கூலி முறை. தேவையற்ற கருப்பை நீக்கத்தைத் தடுக்கும் நெறிமுறைகளை எல்லா மாநிலங்களும் ஏற்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023-இல் ஆணையிட வேண்டிய அளவுக்கு நிலைமை முற்றியிருந்தது.

நாம் கேட்பது என்ன? மத்திய அரசு ஊழியர் சுகாதாரத் திட்டத்திலே சேர்ந்த மருத்துவமனைகள், கத்தியால் எத்தனை பேறு, இயற்கையாய் எத்தனை பேறு என்று எழுதி வைக்க வேண்டுமென 2017-இல் ஆணை பிறந்தது. நல்ல ஆணை. அரசு ஊழியரின் மனைவி அறியலாம். நெசவாளியின் மனைவி அறியக்கூடாதா? அரசு, தனியார் என்ற வேறுபாடின்றி எல்லா மருத்துவமனை வாசலிலும் அந்தப் பலகை வேண்டும். மாவட்டந்தோறும் இரவு பகல் மயக்க மருத்துவரும் இரத்தமும் வேண்டும். வலியோடு இருப்பவள் கையைப் பற்றிக்கொள்ளச் செவிலியர் போதுமான அளவு வேண்டும்.

உங்கள் ஊர் மருத்துவமனைகளுக்கு இந்த வாரமே போய்ப் பாருங்கள். பலகை எங்கே இருக்கிறது, எங்கே இல்லை, சென்ற மாதம் எத்தனை பேறு, அதிலே கத்தி எத்தனை என்று கேட்டு எழுதிக்கொண்டு அடுத்த கிளைக் கூட்டத்திற்கு வாருங்கள்.