ஏரிக்கரை முகாமும் தணல் சட்டியும்

நுவரெலியாவுக்கும் அம்பேவெலவுக்கும் இடையில் இருக்கிறது கந்தே எல நீர்த்தேக்கம். சுற்றிலும் மரங்கள், சத்தமில்லாத இடம். லீவில் அங்கே கூடாரம் போட்டுத் தங்க நம்ம வெலிமடைப் பிள்ளைகளும் ஆசைப்படுறாங்க. நாங்கள் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஊரெல்லாம் வந்து பார்க்கிற மலையை நாமும் ஆறுதலாகப் பார்க்க வேண்டாமா? அனுமதி வாங்கிக்கொண்டு போகட்டும். ஒன்றை மட்டும் சொல்லி அனுப்புங்கள்.

அந்தப் பக்கத்துக் குளிர் உங்களுக்குத் தெரியும். ஜனவரி, பெப்ரவரியில் உறைபனி விழுந்து தேயிலைக் கொழுந்தே கருகிப்போகும். அதற்காகச் சமைத்த தணலைச் சட்டியில் அள்ளிக் கூடாரத்துக்குள் வைத்துக்கொண்டு படுக்கக் கூடாது. புகை இல்லையே என்று நினைப்போம். ஆனால் தணலிலிருந்து கார்பன் மொனொக்சைட் என்ற வாயு வரும். அதற்கு மணமில்லை, நிறமில்லை. விழித்திருந்தால் தலைவலி, மயக்கம், வாந்தி என்று தெரியும். தூங்குகிறவருக்கு ஒன்றும் தெரியாது, உயிரே போய்விடும்.

கம்பளி, தொப்பி, காலுறை, தடித்த பாய் கொடுத்தனுப்புங்கள். தணலில் தண்ணீர் ஊற்றி அணைத்துவிட்டுப் படுக்கட்டும். யாருக்காவது தலை சுற்றினால் உடனே வெளிக்காற்றுக்குக் கொண்டுவந்து, 1990 அம்புலன்சை அழைக்க வேண்டும்.

லயத்து அறையில் கதவடைத்துத் தணல் வைத்தாலும் இதே ஆபத்துதான். பிள்ளை பெத்த வீடுகளில் முக்கியமாகக் கவனியுங்கள்.